கப்பும் மங்கும்: தோட்டத்துப் பிள்ளைகளும் அன்றாட ஆங்கிலச் சொற்களும்

போர்டிக்சன் என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. ஜான் பிரெடரிக் டிக்சன் என்ற காலனி அதிகாரியின் பெயரைச் சூட்டிய துறைமுகம் இது. 'போர்ட்' என்றால் துறைமுகம். ஊர் எல்லையில் நிற்கும் பெயர்ப் பலகையை நாம் 'போர்டு' என்கிறோம். கோயில் மண்டபத்தில் நான் நடத்திய மாலை வகுப்பில் ஒருநாள், "நம்ம ஊர் பேருல வர்ற போர்ட்னா என்ன?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். நான்காம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் தயங்காமல் எழுந்து, "பேரு எழுதுற பலகை டீச்சர்" என்றான்.

அந்தப் பதிலைத் தவறு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதல் ஒலியும் வேறு, கடைசி ஒலியும் வேறு. தமிழில் அந்த இரண்டு முதல் ஒலிக்கும் ஒரே பகரம், இரண்டு கடைசி ஒலிக்கும் ஒரே டகரம். எழுத்தில் காட்டப்படாத வேறுபாட்டைப் பிள்ளை காதால் எப்படிப் பிடிப்பான்? அவன் தெரியாமல் சொல்லவில்லை. தன் தாய்மொழியின் கணக்குப்படி சரியாகவே யோசித்துச் சொன்னான்.

அன்றாட ஆங்கிலச் சொற்களை ஒருவர் எப்படிக் கற்கிறார், எங்கே தடுமாறுகிறார், எத்தனை சொல் தேவை, எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது? இந்தக் கேள்விகளை உலகில் மிக விரிவாக ஆராய்ந்த நாடுகளில் ஜப்பான் முக்கியமானது. ஜப்பானியரின் அனுபவத்தையும் போர்டிக்சன் வட்டாரத் தோட்டத் தமிழரின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் தோன்றலாம். தொடர்பு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

தோட்டத்துக்குள் வந்த சொற்கள்

சுவா பெத்தோங், செங்காங், பிராட்வால், ஆதர்டன் என்று போர்டிக்சனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆங்கிலம் பாடமாக வருவதற்கு முன்பே வேலையோடு சேர்ந்து வந்துவிட்டது. விடியுமுன் பெயர் கூப்பிடும் இடம் 'பெரட்டு'; 'பரேடு' என்ற சொல்லின் தோட்டத்து வடிவம் இது. பெயர்ப் பதிவேடு 'செக்ரோல்'. காயத்துக்குக் கட்டுப்போட்ட மருத்துவ உதவியாளர் 'டிரஸ்ஸர்'. இவற்றோடு டிவிசன், ஸ்டோர், லோரி, அட்வான்ஸ், போனஸ். பின்னாளில் ஆலை வேலைக்குப் போனவர்கள் ஷிப்டு, கூடுதல் நேர வேலையான ஓட்டி, மருத்துவ விடுப்பான எம்சி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிப்படி மிதிக்காத பாட்டிகூட இதில் பாதியைப் பிழையின்றிப் பயன்படுத்தினார்.

ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்த மொழி அவரிடம் வந்து சேரவில்லை. தோட்ட நிர்வாகியான துரையும் எழுத்தரான கிராணியும் தங்களுக்குள் பேசிய மொழி ஆங்கிலம். தொழிலாளியிடம் பேசத் தமிழ். தொழிலாளியை வேலைவாங்கத் தமிழ் தேவை என்பதைத் துரைமார் நன்றாக உணர்ந்திருந்தார்கள். இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத்துரைமாருக்கென்று தமிழ்க் கைநூல்கள் வந்தன. அவற்றுள் பெயர் பெற்றது 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்'. 1919இல் தொடங்கிய மலாயாத் தோட்டத்துரைமார் சங்கம் இளம் துரைமாருக்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. மரம், பால், கத்தி, மழை, சம்பளம், காய்ச்சல் என்று ஒரு தோட்டத்தின் நாள் முழுவதையும் சொற்பட்டியலாக்கித் துரைக்குக் கற்பித்தார்கள்.

அதே தோட்டத்தின் அதே நாளை ஆங்கிலச் சொற்பட்டியலாக்கித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கொடுக்க யாரும் முனையவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி எழுந்த பள்ளிகளில் தமிழ் எழுத்தும் கொஞ்சம் கணக்கும் கற்பித்தார்கள். ஆங்கிலம் பட்டணத்துப் பள்ளிகளில் இருந்தது; தோட்டத்திலிருந்து அங்கே போகக் காசும் வேண்டும், வண்டியும் வேண்டும். வழி இருந்தும் அது ஒரு பக்கமாகவே திறந்திருந்தது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ஜப்பானியருக்காகச் செய்த அகராதி

தோட்டத்தில் யாரும் முனையாத அந்தச் சொற்பட்டியல் வேலை ஜப்பானில் நடந்தது. 1922இல் அரசு அழைப்பின்பேரில் ஹரோல்ட் பாமர் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 1936 வரை அங்கே இருந்த பாமர், ஜப்பானிய மாணவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டிய சொற்கள் எவை என்று பல ஆண்டு உழைப்பில் பட்டியலிட்டார். ஓயிதா நகரில் ஆசிரியராக இருந்த ஏ. எஸ். ஹோர்ன்பி அவரோடு சேர்ந்துகொண்டார். ஜப்பானியர் ஒரு சொல்லின் பொருள் தெரிந்தும் அதை வாக்கியத்தில் வைக்கத் தெரியாமல் திணறுவதைக் கண்ட ஹோர்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன் கற்போருக்கான அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1942இல் தோக்கியோவில் வெளிவந்த அந்நூலை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மறுபதிப்பாக்கியது. இன்று உலகெங்கும் மாணவர் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுவே. நம் பிள்ளைகள் பள்ளி நூலகத்தில் எடுக்கும் தடித்த அகராதி, முதலில் ஜப்பானிய மாணவனை மனத்தில் வைத்துச் செய்தது.

அதே காலத்தில் நம் பக்கமும் ஒருவர் இதே கேள்வியோடு இருந்தார். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கப் பிள்ளைகள் வாசிப்புப் பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் அரிய சொற்களில் இடறி விழுவதைக் கண்டு, பழகிய சொற்களால் கதைகளைத் திருப்பி எழுதினார். பாமரும் வெஸ்ட்டும் 1930களில் ஒன்றுகூடிச் சொல் தேர்வுக்கான அளவுகோலை வகுத்தார்கள். அதன் விளைச்சல்தான் 1953இல் வெஸ்ட் வெளியிட்ட, ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல். ஆசிய வகுப்பறைகளின் திணறலிலிருந்து பிறந்த கலை இது.

அந்த அகராதி வெளிவந்த அதே 1942 தொடங்கி மூன்றரை ஆண்டுகள் போர்டிக்சன் தோட்டங்களும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தன. பள்ளிகளில் ஆங்கிலம் போய் நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழி வந்தது. எங்கள் பாட்டி சாகும்வரை 'இச்சி, நீ, சான்' என்று எண்ணுவார். அந்தச் சொற்களோடு அச்சமும் சேர்ந்தே அவருக்கு நினைவுக்கு வரும். சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோன தோட்டத் தமிழர்களில் திரும்பாதவர் ஏராளம். அதே காலத்தில் ஜப்பானிலும் ஆங்கிலம் எதிரியின் மொழியாகிவிட்டது. பேஸ்பால் ஆட்டத்தில் 'ஸ்டிரைக்' என்று கூவுவதைக்கூட மாற்றினார்கள். போர் முடிந்ததும் அந்தச் சொற்கள் திரும்பி வந்தன. ஆட்சியாணையால் மக்கள் வாயில் புகுந்ததும் வெளியேறியதும் நிலைக்கவில்லை. வேலையும் விளையாட்டும் கொண்டுவந்தவை நிலைத்தன.

'கப்பு' என்ற இரட்டைப் பிள்ளை

ஆங்கிலத்தில் 'கப்' என்ற சொல் மெய்யில் முடிகிறது. தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை என்பது இலக்கண மரபு. ஆகவே ஓர் உகரம் துணைக்கு வந்து, முன்னுள்ள மெய் இரட்டித்து 'கப்பு' ஆகிறது. ஜப்பானிய மொழியிலும் னகரம் போன்ற ஒரு மூக்கொலி தவிர வேறு மெய் இறுதியில் வராது. அவர்களும் ஓர் உகரம் சேர்த்து, மெய்யை இரட்டித்துச் சொல்வது 'கப்பு'தான். கட்டில் மெத்தையை நாம் 'பெட்டு' என்போம், அவர்கள் 'பெத்தோ' என்பார்கள். தொகுப்பு நமக்கு 'செட்டு', அவர்களுக்கு 'செத்தோ'. ஜப்பானியர் ஒருவர் செங்காங் தோட்டத்து அம்மாவிடம் 'கப்பு' என்று கேட்டால் கப்பு வரும். லண்டன்காரர் கேட்டால் ஒரு கணம் யோசித்த பிறகே வரும்.

இந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஜப்பானிய மொழிக்குள் புகுந்த ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்த ஃபிராங்க் டோல்டன் 2008இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் 3,000 சொற்களில் ஏறக்குறையப் பாதிக்கு ஜப்பானிய மொழியில் கடன்சொல் வடிவம் இருப்பதைக் காட்டினார். அதாவது ஆங்கிலம் தெரியாது என்று வெட்கப்படும் ஒரு ஜப்பானியரின் வீட்டுக்குள்ளேயே பாதி ஆங்கிலம் குடியிருக்கிறது. தோட்டத் தமிழரின் வாயிலும் அப்படியே. லைட்டு, சுவிட்சு, கேட்டு, பிளேட்டு, சோப்பு, டவல், பேனு, டயரு, பிரேக்கு, லீவு, பிரஷரு, ஊசி போடும் கிளினிக்கு என்று ஒரு நாள் பேச்சைக் கூர்ந்து கேட்டு எழுதினால் நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும்.

ஆனால் கடன்சொல் முழுச் சொல் ஆகாது. ஒரு சொல்லை அறிவதென்றால் அதன் ஒலி, பொருள், புழக்கம் மூன்றையும் அறிவது. கடன்சொல் ஒன்றைக் கொடுத்து இரண்டைக் கலைத்துவிடும்.

ஒலியில் இரு மொழியும் இடறும் இடம் வேறு. ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் ஒன்று. வெளிச்சத்தைக் குறிக்கும் 'லைட்'டும் வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ரைட்'டும் அவர் காதில் ஒன்றாகவே விழும். ர, ற, ல, ள, ழ என்று ஐந்தைப் பிரித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அது ஒரு சிக்கலே இல்லை. நம் பிள்ளைக்குச் சிக்கல் 'பிக்' என்னும் பன்றியும் 'பிக்' என்னும் பெரியதும். அங்கே ஜப்பானியர் தடையின்றிக் கடந்துபோவார்.

பொருளிலும் திரிபு உண்டு. ஜப்பானில் 'மன்ஷோன்' என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு. 'கன்னிங்கு' என்றால் தேர்வில் பார்த்து எழுதுவது. நாம் 'கரண்டு இல்லை' என்போம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் வெளிநாட்டவருக்குப் புரிய நேரமாகும். இங்கே வண்டியைப் பின்னால் எடுப்பதைக் 'கோஸ்தான்' என்கிறோம். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தும் கட்டளையிலிருந்து வந்த துறைமுகச் சொல் என்பார்கள். மலேசியா முழுக்கப் புரியும் அந்தச் சொல்லை விமான நிலையத்துக்கு அப்பால் சொன்னால் பெரும்பாலோருக்குப் புரியாது. இச்சொற்களைத் தப்பென்று பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

நடுவில் நிற்கும் மலாய்

ஜப்பானியப் பிள்ளைக்கு இல்லாத ஒரு சிக்கல் நம் பிள்ளைக்கு உண்டு. அவன் ஆங்கில எழுத்துகளை மலாய் மொழியோடும் சேர்த்தே கற்கிறான். பள்ளிப் பேருந்தின் முகப்பில் பி, ஏ, எஸ் என்று இருக்கும். அது மலாய் 'பாஸ்'. ஆங்கிலப் பாடத்தில் அதையே பி, யு, எஸ் என்று எழுத வேண்டும். மலாயில் எழுதியபடி வாசிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு.

இன்னும் கடினமானவை ஒரே எழுத்தில் வரும் வேறு சொற்கள். எங்கள் மண்டபத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் ஏ, ஐ, ஆர் என்று பெயின்டில் எழுதியிருந்தது. மலாயில் 'ஆயேர்', தண்ணீர். ஆங்கிலப் புத்தகத்தில் அதே மூன்றெழுத்து 'ஏர்', காற்று. பறவை காற்றில் பறப்பதாக அதில் வந்த வாக்கியத்தை ஒரு சிறுமி வாசித்துவிட்டு, "பறவை தண்ணில பறக்குதா டீச்சர்?" என்று கேட்டாள். சி, ஏ, டி என்பது மலாயில் சுவருக்கு அடிக்கும் சாயம், ஆங்கிலத்தில் பூனை. ஜே, ஏ, எம் மலாயில் மணி, ஆங்கிலத்தில் ரொட்டிக்குத் தடவுவது. பி, ஈ, ஜி மலாயில் பை, ஆங்கிலத்தில் பிச்சை கேட்பது. எம், ஏ, ஐ, என் மலாயில் விளையாட்டு, ஆங்கிலத்தில் முதன்மையானது. இப்படி ஐந்தாறு சொற்களைப் பக்கம் பக்கமாக எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகு அந்த வகுப்பில் குழப்பம் வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகளே புதுச் சொல் கண்டுபிடித்து ஓடிவந்து சேர்த்தார்கள். மூன்று மொழி தெரிந்த குழந்தைக்கு மட்டுமே கிடைக்கும் விளையாட்டு அது.

எத்தனை சொல் போதும்?

ஓக்டன் என்ற அறிஞர் 1930இல் 850 சொற்களைக் கொண்ட 'அடிப்படை ஆங்கிலம்' என்ற திட்டத்தை முன்வைத்தார். சொல் குறைந்ததே தவிர, அந்த 850ஐ வளைத்துப் பேசும் திறமை கற்போருக்குச் சுமையானது. வெஸ்ட்டின் 2,000 சொற்கள் சாதாரண நூலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை உள்ளடக்கும். கேட்க நிறைவாக இருந்தாலும், பத்துச் சொல் வாக்கியத்தில் இரண்டு தெரியாது என்பதே அதன் பொருள். நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டபடி, துணையின்றிப் பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும், நூலை வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும் வேண்டும். 2013இல் ஜப்பானில் பணிபுரியும் சார்ல்ஸ் பிரவுனும் அவர் குழுவினரும் புதிய பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 2,800 சொற்களில் அது 92 விழுக்காட்டை எட்டுகிறது என்றார்கள்.

ஜப்பான் தன் பள்ளிகளுக்கும் எண் வகுத்திருக்கிறது. 2020 முதல் நடப்புக்கு வந்த கலைத்திட்டப்படி தொடக்கப் பள்ளி முடிக்கும் மாணவர் 600 முதல் 700 சொற்களைச் சந்தித்திருக்க வேண்டும். பிள்ளைகள் சிறு அட்டைகளை வளையத்தில் கோத்து, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் எழுதி ரயிலில் புரட்டுவார்கள். மறக்கும் நேரத்தில் மீண்டும் பார்ப்பதால் அது பலன் தருகிறது. ஆனாலும் தேர்வுக்காகப் பல்லாயிரம் சொல் மனப்பாடம் செய்த ஜப்பானிய மாணவர், துணியைப் பிழிவதற்கும் தோலை உரிப்பதற்கும் ஆங்கிலச் சொல் தேடித் திகைப்பதை அந்நாட்டு ஆசிரியர்களே கவலையோடு பேசிவருகிறார்கள். எண்ணிக்கை கூடியும் அன்றாடம் விட்டுப்போயிற்று.

நம் பள்ளிகளில் நடந்தது

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை மலாயையும் ஆங்கிலத்தையும் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயப் பாடமாக்கியது. நெடுங்காலம் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது. 2003இல் முதலாம் ஆண்டுக்கு வந்தது. அதே ஆண்டு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. 2009இல் அதைக் கைவிட முடிவாயிற்று. வீட்டில் ஆங்கிலம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவியலும் புரியாமல் ஆங்கிலமும் வராமல் போன ஆண்டுகள் அவை என்று பல பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2018இல் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலுக்கு ஏற்ப, முதலாம் ஆண்டுக்குச் 'சூப்பர் மைண்ட்ஸ்', படிவம் ஒன்றுக்குப் 'பல்ஸ் 2' என்ற இறக்குமதிப் பாடநூல்கள் வந்தன. அவற்றின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானது என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது.

அந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. உலகத்தைக் காட்டும் நூல் வேண்டும்தான். ஆனால் அன்றாடச் சொல் என்பது கற்பவரின் அன்றாடத்திலிருந்து வர வேண்டும். பனிமனிதனுக்குச் சொல் தெரிந்த பிள்ளைக்குச் செம்பனை மட்டைக்கும் குலைக்கும் சொல் தெரியவில்லை என்றால், அந்தச் சொல்லை அவன் எங்கே பயன்படுத்துவான்? பயன்படுத்தாத சொல் தங்காது.

தோட்டத்தின் நாளே பாடநூல்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவு இதுதான். அன்றாட ஆங்கிலம் கற்பித்தலை வெறுமையிலிருந்து தொடங்கக்கூடாது. வாயில் ஏற்கெனவே இருக்கும் கடன்சொற்களை முதலில் எடுத்து, ஒலியைத் திருத்தி, பொருளைச் சரிபார்க்க வேண்டும். அடுத்துப் பிள்ளை தினமும் தொடும் பொருள்களுக்கும் செய்யும் செயல்களுக்கும் சொல் தர வேண்டும். வெஸ்ட்டின் பட்டியலோ புதிய பட்டியலோ அதற்குப் பிறகு, அந்த அடித்தளத்தின்மேல் வரட்டும்.

இதை ஒரு விடுமுறையில் செய்து பார்த்தோம். அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் போய்ப் பால்மரம் வெட்டிய நாளை விடியலிலிருந்து கேட்டு எழுதி வரச் சொன்னேன். பெரட்டு, நிரை, உளி, மங்கு, பீலி, காண்டா வாளி, ஒட்டுப்பால் என்று வந்தன சொற்கள். அவற்றில் 'மங்கு' மலாய் 'மங்கோக்'கிலிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையே கண்டுபிடித்தான். எதிரே ஆங்கிலம் எழுதினோம்: உளி டேப்பிங் நைஃப், நிரை ரோ, பீலி ஸ்பௌட், வாளி பக்கெட், ஒட்டுப்பால் ஸ்கிராப், மங்கு கப். அதோடு வினைகளையும் சேர்த்தோம்: சீவு, வடி, ஊற்று, நிறு, கழுவு, தூக்கு. வினைகளே அதிகம் உதவின. பால் வடிவதற்குக் கற்ற சொல் வீட்டுக் கூரை ஒழுகும்போதும் வேறு வடிவில் தேவைப்பட்டது.

அந்தப் பட்டியலில் இரண்டு மொழிகளும் ஒருசேரக் காப்பாற்றப்படுவதை அன்று கண்டேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துகொண்டிருக்கும் இவ்வட்டாரத்தில், பீலி என்ற தமிழ்ச் சொல்லைத் தெரிந்தவர்கள் எழுபது வயதைக் கடந்தவர்கள். பேரன் ஆங்கிலச் சொல் தேடி வந்தபோதுதான் அவர்களிடம் தமிழ்ச் சொல்லைக் கேட்க ஒருவர் கிடைத்தார்.

போர்டிக்சனில் உள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் இப்படி ஒரு பட்டியலைத் தன் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து எழுதலாம். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று நெடுவரிசை போதும். ஒரு பருவ விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. அன்று 'போர்ட்' என்றால் பலகை என்று சொன்ன சிறுவன், அட்டையின் ஒரு பக்கம் கப்பலும் மறுபக்கம் பலகையும் வரைந்து, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினான். மூன்றாம் நாள் அவன் தாத்தா மண்டபத்துக்கு வந்து, ஏர்போர்ட்டில் இருப்பதும் அந்தப் போர்ட்தானா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் பேரன் சொல்லிவிட்டான்.